இறக்காத புல்லுக்கட்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோடு போட்ட தாளில் எழுதினாலும் எழுத்து மேலே ஏறிப் போய்விடும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். நான் வேலை செய்கிற டியூஷன் வகுப்பில் பௌதிகவியல் படிப்பிக்கும் சேர், "எழுதுங்கோ அண்ணை, பிழையை நான் பாத்துத் திருத்திறன்" என்று சொன்ன தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் தொடங்கிய வார்த்தை பாதியில் நின்றுவிடும். அப்படியும் விடுபட்டுப் போன பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பது ஒரு புல்லுக்கட்டு. மழையில் ஊறி, நுனியிலெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த பச்சைப் புல். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவர் என் மதினி, அண்ணன் மனைவி. நான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தரையில் கிடந்தான். மாடு அவனுக்கு அப்பால் நாலு காலையும் விறைத்துக்கொண்டு கிடந்தது. மதினி மட்டும் அவனையும் மாட்டையும் பார்த்தபடி, நட்டு வைத்த கல் மாதிரி நின்றுகொண்டிருந்தார். புல்லுக்கட்டு தலையிலேயே இருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் கண்டிப் பக்கம், கலஹாவுக்கு மேலே இருக்கிறது. ஆனி மாதத்தில் அங்கே மழை தனியாக வராது, காற்றோடு சேர்ந்துதான் வரும். அன்றைக்குக் காலையிலிருந்தே அப்படிப்பட்ட காற்று. வேலை முடிந்த பிறகு அண்ணனும் மதினியும் புல் அறுக்கப் போனார்கள். பகலில் கட்டிப் போட்டிருந்த மாட்டை அவிழ்த்து முன்னால் விட்டுக்கொண்டு, மாட்டுக்குப் பின்னால் அண்ணன், அவனுக்குக் கொஞ்சம் தள்ளி மதினி என்று தேயிலை மலைக்கு ஊடாக உள்ள குறுக்குப் பாதையில் திரும்பி வந்திருக்கிறார்கள். மேலே போகிற பெரிய கரண்டுக் கம்பி ஒன்று, மரக்கிளை முறிந்து அதன்மேல் விழுந்ததில் அறுந்து தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தது. அது யாருக்கும் தெரியாது. நெருப்பில்லை, புகையில்லை, சத்தமில்லை. மாடு திடீரென்று முழங்கால் மடிந்து விழுந்தது. சேற்றில் வழுக்கிவிட்டது என்றுதான் அண்ணன் நினைத்திருக்க வேண்டும். "ஏய் செவல!" என்று கத்திக்கொண்டு தூக்கிவிட ஓடினான். நாலைந்து எட்டுத்தான் வைத்திருப்பான்.

மேல் பாதையில் வந்தவர்கள் கூப்பாடு போட்டார்கள். கங்காணி கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு யாரையும் கீழே இறங்கவிடவில்லை. "எறங்குனீங்கன்னா நீங்களும் பொணம்தான்டா!" என்று அவர் கத்தியது இப்போதும் கேட்கிறது. கரண்டை நிறுத்தும்வரை நாங்கள் எல்லோரும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அண்ணனைப் பார்க்கப் பயந்து மதினியைப் பார்த்தேன். அவர் அசையவே இல்லை. அழவில்லை, கூப்பிடவில்லை. மழை அவர் முகத்தில் ஓடியது. நிறுத்தியாயிற்று என்று சொன்ன பிறகு மற்றவர்கள் அண்ணனிடம் ஓடினார்கள். நான் மதினியிடம் போய்த் தலையிலிருந்து கட்டை இறக்கினேன். அம்மாடி, என்ன கனம்! இரண்டு கையாலும் பிடித்தும் தடுமாறினேன். கட்டு இறங்கியவுடன் மதினி அப்படியே மடிந்து உட்கார்ந்தார். அவர் நின்ற இடத்தில் சேற்றில் இரண்டு கால் தடங்கள், பெருவிரலோடு பெருவிரல் ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதற்கு முன்னால் அண்ணனுடைய தடங்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம் போல இருந்தது. ஏன் அதைக் கவனித்தேன் என்று தெரியாது. பார்க்கக்கூடாததைப் பார்க்காமல் இருக்க, மனிதன் தரையைத்தானே பார்ப்பான்.

கம்பி அவர்களிலிருந்து தள்ளித்தான் கிடந்தது. அண்ணன் தொடவில்லை, மாடும் தொடவில்லை. அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. தொடாமல் எப்படிச் சாவு வரும்? முனி அடித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பாதையில் முனி நடமாட்டம் உண்டு என்று முன்பே பேச்சிருந்தது. அம்மா முனியை நம்பவில்லை. அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்தது. தன் பிள்ளை தரையில் கிடந்தான், மருமகள் நின்று பார்த்தாள். சாவு வீட்டில் அத்தனை பெண்களுக்கும் முன்னால் அம்மா மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள்.

"எம்புள்ள உசுரு துடிச்சிக்கிட்டு கெடந்தான். இவ தலையில இருந்த புல்லுக்கட்டக்கூட எறக்கல. எறக்குனா கொறஞ்சா போயிருப்ப? மாட்டுக்குப் புல்லு முக்கியம்னு நின்னியா? மாடும் செத்துருச்சேடி!"

ஒப்பாரிக்கு நடுவில் சொன்ன சொல் அது. ஆனால் அது ஒப்பாரியோடு அடங்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றால் யாராவது ஒருத்தி, "கட்டு கனமோ?" என்று கேட்பாள். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தால், "இதையாச்சும் எறக்குறாளே" என்று மற்றவள் சிரிப்பாள். மதினி தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். பிள்ளை குட்டியும் இல்லாத வீட்டில் அவருக்கு அதற்குமேல் இருக்க இடமில்லாமல் போயிற்று. கம்பளையில் அவருடைய அக்கா இருந்தார். அங்கே போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேங்காய் துருவி, பாத்திரம் கழுவிப் பிழைத்தார். போகிற அன்று அம்மா கதவுக்கு வெளியே வரவில்லை. நான் பஸ் நிற்கிற இடம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போதுதான் அவர் நடை மாறியிருப்பதைக் கண்டேன். கால்களை அகட்டி வைக்காமல், தரையோடு தேய்த்துத் தேய்த்துச் சின்னச் சின்ன எட்டாக வைத்தார். முன்பெல்லாம் மலையில் ஏறினால் ஆம்பிளைகளுக்கே பிடிகொடுக்காமல் நடப்பவர்.

ஆனாலும் ஆனியில் திவசத்துக்கு அவர் வராத வருஷம் இல்லை. கம்பளையிலிருந்து வாழை இலை வாங்கிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார். எங்கள் லயத்து வீடுகளுக்கு முன்னால் உள்ள தண்ணீர்ப் பீலியடியில் வந்து நிற்பார். நான் போய் இலையை வாங்கிக்கொண்டு வருவேன். அம்மா அந்த இலையில் படையல் போடுவாள். இலையைக் கொண்டுவந்தவரைப் பார்க்கமாட்டாள். "உள்ள வரச் சொல்லட்டுமா?" என்று ஒருமுறை கேட்டேன். "வந்து என்னா செய்யப் போறா? நிக்கத்தான் தெரியும். அங்கேயே நிக்கட்டும்" என்றாள். படையல் முடிந்து காக்கைக்கு வைத்த சோற்றைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மதினி பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

நான் பிறகு கண்டி டவுனுக்கு வேலைக்குப் போனேன். உயர்தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் படிக்கிற டியூஷன் மண்டபம். கதிரைகளை வரிசையாகப் போடுவது, போர்ட் துடைப்பது, மைக் போடுவது, வகுப்பு முடிந்தால் கூட்டுவது. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. வகுப்பு நடக்கும்போது பின்னால் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருப்பேன். கணக்கு வகுப்பில் தூக்கம் வரும். பௌதிகவியல் சேரின் வகுப்பில் வராது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். எதையும் செய்து காட்டாமல் விடமாட்டார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணை, கொஞ்சம் றவையும் விளக்கெண்ணெய்யும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். கீழே உள்ள கடைக்கார நாநா இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "றவையும் விளக்கெண்ணெய்யுமா? உப்புமாவ இதுல கிண்டி யாருக்குக் குடுக்கப் போறீங்க? ஆளு சரியா எழும்பி ஓடுவாரு" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வேகமாக மேலே வந்துவிட்டேன். அங்கே பிள்ளைகள், "சேர், இண்டைக்குக் கேசரியா?" என்று தொடங்கினார்கள்.

சேர் ஒரு கண்ணாடித் தட்டில் எண்ணெய்யை ஊற்றி, றவையை அதன்மேல் தூவினார். இரண்டு செப்புக் கம்பியை எண்ணெய்க்குள் வைத்து, பெரிய மின்னழுத்தம் கொடுக்கிற பெட்டி ஒன்றோடு சேர்த்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்படி கெமராவில் பிடித்துத் திரையில் காட்டினார். சுவிட்சைப் போட்டவுடன், கண்டபடி கிடந்த றவைக் குறுணிகள் மெல்லத் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்தன. ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிவரைக்கும் வளைந்து வளைந்து கோடுகள். சீப்பால் வாரிவிட்ட மாதிரி.

"பாருங்கோ," என்றார் சேர். "கம்பி ஒரு குறுணியையும் போய்த் தொடேல்லை. தொடாமலே எல்லாம் திரும்பிப்போட்டுது. ஏன்? மின்னேற்றம் இருக்கிற இடத்தைச் சுத்தி உள்ள வெளி முந்தின மாதிரி இல்லை. வெறும் இடம் எண்டுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனா அங்க ஒண்டு பரவி இருக்கு. அதுதான் மின்புலம். ஆராவது அதுக்குள்ள போய் நிண்டாத்தான் அது இருக்கிறது தெரியும். கிட்டப் போனாக் கூடும், தூரப் போனாக் குறையும். குறையும், ஆனா முழுசா இல்லாமப் போகாது."

முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி எழுந்து, "சேர், அப்ப மழையில கரண்டுக் கம்பி அறுந்து தரையில விழுந்தா?" என்று கேட்டாள். சேர் போர்டில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் போட்டார். குளத்தில் கல் போட்ட மாதிரி. ஈரமான நிலத்தில் கரண்டு எல்லாப் பக்கமும் பரவும், அதனால் நிலத்துக்குள்ளும் புலம் இருக்கும், உள் வட்டத்தில் மின்னழுத்தம் அதிகம், வெளி வட்டத்தில் குறைவு என்றார். ஒரு கால் ஒரு வட்டத்திலும் மற்றக் கால் அடுத்த வட்டத்திலும் இருந்தால், அந்த வித்தியாசத்துக்குத் தக்கபடி கரண்டு ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்கும். எட்டு நீளமாக நீளமாக ஆபத்துக் கூடும்.

"மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நல்ல தூரம். அதாலதான் முதல்ல மாடு விழும்," என்றார். "அதைத் தூக்க எண்டு ஓடுற மனுசன் அடுத்தது. காலைச் சேத்து வச்சுக்கொண்டு நிக்கிறவன் தப்புவான்."

பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். போர்டில் இருந்தது எங்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதை. புள்ளி கிடந்த இடத்தில் கம்பி. அண்ணன் வைத்த எட்டுகள் வட்டத்தை வட்டமாகத் தாண்டிப் போயிருந்தன. மதினியின் இரண்டு கால்களும் ஒரே வட்டத்தில் இருந்தன. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு போர்டைத் துடைக்கத் துணியை எடுத்தேன். அந்த வட்டங்கள்மேல் கை போகவில்லை. சேர் கவனித்துவிட்டு, "என்ன அண்ணை?" என்றார். நான் ஒன்றுமில்லை என்று துடைத்துவிட்டேன். சேரிடம் கேட்க எனக்குப் பல வாரம் பிடித்தது. ஒருநாள் மைக்கைச் சுற்றி வைக்கிற சாக்கில், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சேர், தலையில பாரத்தோட ஒரு பொம்பள காலச் சேத்து நின்னா, பக்கத்துல விழுந்து கெடக்கிற ஆளத் தூக்கப் போகாம இருந்தா... அது சரியா?"

"சரியோ பிழையோ எண்டு பௌதிகவியல் சொல்லாது அண்ணை. போயிருந்தா ரெண்டு பேரும் செத்திருப்பினம். அவ்வளவுதான்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் அண்ணை அது?" என்று மெல்லக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

இந்த வருஷத் திவசத்துக்கு முன்னால் அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. வருகிற ஆனிக்கு யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. மதினி ஒருமுறையாவது அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து, அண்ணன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழட்டும் என்பதுதான் என் ஆசை. வீட்டுக்குப் போய், அடுப்புச் சாம்பலை எடுத்து அம்மாவுக்கு முன்னால் தரையில் வட்டம் போட்டேன்.

"என்னாடா இது, கோலமா?" என்றாள் அம்மா.

நடுவில் ஒரு ஊசியை வைத்தேன், கம்பி என்று. என் இரண்டு காலையும் அகட்டி வைத்துக் காட்டினேன், சேர்த்து வைத்துக் காட்டினேன். மாடு, அண்ணன், மதினி எல்லாவற்றையும் சேர் சொன்ன மாதிரியே சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்த பிறகு சாம்பலைத் தன் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, அவ நின்னதால பொழச்சா. எம்புள்ள ஓடுனதால செத்தான். அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"அப்ப குத்தம் எம்புள்ள மேலயா?"

நான் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. "யார் மேலயும் இல்லம்மா. கம்பி விழுந்துச்சு. அவ்வளவுதான்" என்றேன்.

"யார் மேலயும் இல்லன்னா, நான் யார் மேலடா கோவப்படுறது?" என்றாள். பெரிய குரலில் இல்லை. உண்மையாகவே தெரியாமல் என்னிடம் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சாம்பலைக் கூட்டி அள்ளினேன்.

நேற்றுத் திவசம். மழை விடாமல் பெய்தது. மதினி வந்து பீலியடியில் நின்றார். தலையில் இலைக்கட்டு, அதற்குமேல் ஒரு பொலித்தீன் தாள். தலை நரைத்துவிட்டது. கால்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. நான் குடையோடு போய்க் கட்டை இறக்கினேன். இந்த முறை உடனே திரும்பவில்லை. சேர் சொன்னதை அவரிடமும் சொன்னேன். நீங்கள் ஓடியிருந்தால் அண்ணன் பிழைத்திருக்கமாட்டான், நீங்களும் போயிருப்பீர்கள், நீங்கள் நின்றதுதான் சரி, படித்தவர்களே சொல்கிறார்கள் என்றேன். அவர் முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன்.

"தெரிஞ்சா நின்னேன் தம்பி?" என்றார் மதினி. "பயந்து நின்னேன். ஒங்க அண்ணன் என்னயப் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தாரு. கட்ட எறக்கிட்டா ஓடணும்னு எனக்குத் தெரியும். எறக்காத வரைக்கும் ஓட வேணாம்ல. அதான் புடிச்சிக்கிட்டே நின்னேன். அத்த கேட்டது சரிதான். சேர் சொல்றதும் சரியா இருக்கும். நீங்க மனசுல வச்சு சொன்னீங்க. அது போதும்."

இத்தனை வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். கம்பளையில் தேங்காய் துருவும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவர் கால்கள் அந்தச் சேற்றிலேயே நின்றிருக்கின்றன. தூரம் போகப் போகக் குறையும், ஆனால் முழுசாக இல்லாமல் போகாது என்று சேர் சொன்னது றவைக்கும் எண்ணெய்க்கும் சொன்னது. எனக்கு அந்த நேரத்தில் அதுதான் ஞாபகம் வந்தது. மதினியிடம் அதைச் சொல்லவில்லை.

"எலைய நனைய விடாதடா, உள்ள கொண்டா" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். இலையைத்தான் சொன்னாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். படையல் முடிந்தது. காக்கைக்கு வைத்துவிட்டு வந்தேன். அம்மா சாப்பிடாமல் இலைக்கு முன்னால் இருந்தாள். மங்கிய கண்ணால் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்குள் பீலியடியில் ஒரு உருவம் நிற்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"இன்னொரு எல இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

"வாசல்ல போடு."

"உள்ள போடட்டுமா?"

"வாசல்லன்னு சொன்னேன்."

வாசற்படிக்கு வெளியே, கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து இலையைப் போட்டேன். போய் மதினியைக் கூப்பிட்டேன். அவர் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்து, இரண்டு காலையும் ஒன்றாக மடக்கி உட்கார்ந்தார். படிக்கு உள்ளே அம்மா, வெளியே மதினி. இரண்டு பேரும் குனிந்து சாப்பிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அம்மாவின் இலைக்கும் மதினியின் இலைக்கும் நடுவே ஒரு எட்டுத் தூரம்தான் இருந்தது. அந்த ஒரு எட்டை இருவரில் யாரும் வைக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் மதினி தன் இலையைத் தானே எடுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

இலை கட்டிவந்த கயிறு பீலியடியில் நனைந்து கிடந்தது. எடுத்து உதறிச் சுருட்டினேன். புல்லுக்கட்டு கட்டுகிற மாதிரியான கயிறுதான். கையில் கனமே இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பாதையில் நான் தடுமாறி இறக்கிய கட்டு, இறங்கிவிட்டது என்று இனி எழுத எனக்குக் கை வராது.

ஆனி மாதம், அண்ணனுடைய திவசத்துக்கு மறுநாள்.